ஞாயிற்றுக்கிழமை எழுபத்தாறு

மேலகரத்தில் சங்கிலிப்பாண்டி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஏட்டையா வீடு என்று கேட்டால், தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸோடு எழுந்து வந்து வாசலைக் காட்டிவிட்டுப் போவார். இதில் சங்கிலிப்பாண்டிக்குத் தீராத மனக்குறை. அவர் ஏட்டாக ஓய்வு பெற்றவர் அல்ல. சிறப்பு சார்பு ஆய்வாளராக, தோளில் நட்சத்திரத்தோடு ஓய்வு பெற்றவர். அந்த நட்சத்திரம் அவர் தோளில் ஒன்றரை வருஷம்தான் இருந்தது என்பதாலோ என்னவோ, தெரு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

முப்பத்துநாலு வருஷச் சர்வீஸில் அவர் உறுதியாக நம்பியவை இரண்டு. ஒன்று, மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது. வாகனச் சோதனையில் ஊதச் சொல்லும் கருவியைக் கையில் கொடுத்தபோது அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒருமுறை ஒரு பெரியவர், வயிற்று வலிக்கு அரிஷ்டம் குடித்தேன் ஐயா, பாட்டில் பையிலேயே இருக்கிறது பாருங்கள் என்று எடுத்து நீட்டினார். "மெஷின் ஒண்ணு சொல்லுது, நீரு ஒண்ணு சொல்லுதீரு. நான் யாரை நம்பட்டும்?" என்று கேட்டுவிட்டு ஏட்டையா எழுத ஆரம்பித்தார். பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்று, புகாரை எழுதினால் வேலை வளரும், எழுதாவிட்டால் தானாக ஆறிவிடும். மாடு காணோம் என்று வந்தவனிடம், எங்கயாவது மேய்ஞ்சிட்டு வரும், நீ போலே என்பார். புருஷன் அடிக்கிறான் என்று வந்தவளிடம், நாளைக்கு வாம்மா, பேசிப் பார்ப்போம் என்பார். நாளைக்கு வந்தால் அதற்கும் மறுநாள். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார், நாற்காலி போட்டு உட்கார வைத்துத் திருப்பி அனுப்புவார். அவர் இருந்த ஸ்டேஷனில் எல்லாம் குற்றம் குறைந்துகொண்டே வந்ததாக மேலிடத்தில் நல்ல பெயர்.

ஓய்வுக்குப் பிறகு சோதிக்க ஒன்றுமில்லாமல் மனுஷன் தவித்துப்போனார். பட்டாளத்தில் இருக்கும் மகன் மணிமுத்து லீவில் வந்தபோது ஒரு புது போன் வாங்கிக் கொடுத்து, அதில் இதயத் துடிப்பைப் பார்க்கும் ஆப் ஒன்றையும் போட்டுவிட்டுப் போனான். போனுக்குப் பின்னால் இருக்கும் கேமராவை விரலால் மூட வேண்டும். பக்கத்தில் விளக்கு எரியும், விரல் நுனி சிவக்கும், திரையில் ஒரு சின்ன இதயம் துள்ளும், அரை நிமிஷத்தில் நம்பர் வந்துவிடும். அன்றிலிருந்து ஏட்டையாவின் இரண்டாவது சர்வீஸ் தொடங்கியது.

ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டார். தேதி, நேரம், துடிப்பு, நிலை, கையொப்பம். ஸ்டேஷனில் பொது நாட்குறிப்பு எழுதிய அதே குண்டுக் கையெழுத்து. கையொப்பம் போடும்போது மட்டும் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

சாரல் காலத்தில் அவரும் ஆறேழு பேரும் விடிகாலையில் நடந்தே குற்றாலத்துக்குப் போவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவியில் கால் மணி நேரம் நின்று, உதடு நீலம் பாரித்து வெளியே வருவார்கள். வந்த கையோடு ஏட்டையா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, துண்டில் விரலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு போனை எடுப்பார். எண்ணெய்ப் பிசுக்கு போகாத, ஊறிச் சுருங்கிப்போன, குளிரில் வெடவெடவென்று ஆடுகிற விரல். ஐம்பத்தொன்று என்றது போன்.

"ஓட்டப் பந்தயக்காரனுக்குத்தான் இப்படி இருக்குமாம். நெட்டுல போட்டிருக்கான்" என்று எல்லோருக்கும் காட்டினார். ஓய்வு பெற்ற கண்டக்டர் கடற்கரை, "எனக்கும் பாருங்க அண்ணாச்சி" என்று ஆசையாக விரலை நீட்டினார். நூற்றிருபத்தெட்டு வந்தது. கடற்கரையின் முகம் அருவிக்கு வெளியிலேயே வெளுத்துவிட்டது.

"ஏலே, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டுக்குக்கூடப் போவாத" என்றார் ஏட்டையா.

ஈர வேட்டியோடு ஆட்டோ பிடித்துப் போன கடற்கரைக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், ஒன்றுமில்லை, டீயில் சர்க்கரையைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார். சாதாரண ஆளாக இருந்தால் இந்த இடத்தில் ஆப்பைப் பற்றி ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஏட்டையாவுக்குப் பெருமைதான் வந்தது. "நான் சொன்னதுனாலதானே நீ போன? போனதுனாலதானே நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுது?" என்றார். கடற்கரை இரண்டு மாசம் கேரள எல்லைப் பக்கம் போய்ப் புரோட்டாவும் கோழியும் தின்பதை நிறுத்தி, பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஏட்டையாதான் தன் உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படியாக, ஒன்றுமில்லாத ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அந்த போன், அதே சாரல் காலத்தில் இன்னொருவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தது. அது அவர் பெண்டாட்டி முப்பிடாதியம்மாள்.

ஆனி மாதம் மூன்றாம் தேதி, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, குனிஞ்சு நிமிந்தா கண்ண இருட்டிக்கிட்டு வருது. ரெண்டு மூணு நாளா இப்படித்தான் இருக்கு."

"இங்கன உக்காரு" என்றார் ஏட்டையா. ஸ்டேஷனில் சொன்ன அதே தொனி. மாவு அப்பிய விரலைத் துடைக்கச் சொல்லி, போனின் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டார். சின்ன இதயம் துள்ளியது. எழுபத்திரண்டு.

"எழுவத்திரெண்டு. புஸ்தகத்துல போட்டிருக்க நம்பரு. ஒனக்கு ஒண்ணுமில்லட்டி" என்று சொல்லி நோட்டை எடுத்தார். துடிப்பு, 72. நிலை, நலம். கையொப்பம்.

பத்து நாள் கழித்து மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது, கால் துவளுகிறது என்றாள். ஏட்டையா படி ஏறிவந்து அங்கேயே பார்த்தார். எழுபது. "வாளியில பாதித் துணி கொண்டுபோ" என்று யோசனை சொன்னார். இன்னொரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். எழுபத்துநாலு. "வயசாவுதுல்லா?" என்றார். அவளுக்கு ஐம்பத்தேழு வயது, அவருக்கு அறுபத்துமூன்று. இந்தக் கணக்கு அவருக்கு உறைக்கவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முப்பிடாதியம்மாள் வாசலில் தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். பத்து எண்ணுவதற்குள் தானாகவே கண்ணைத் திறந்துவிட்டாள். எதிர் வீட்டு அதீபா ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தாள். அவள் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் வாட்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். சந்தேகம் வந்து இன்னொரு தடவையும் எண்ணினாள்.

"ஏட்டையா, எனக்கு நாப்பதுக்குக் கீழதான் வருது. இன்னைக்கே ஒரு ஈசிஜி எடுத்துருவோம்."

ஏட்டையா என்ற ஒரு சொல்லிலேயே அவருக்கு மனசு இறுகிவிட்டது. போனைக் கொண்டுவந்து, அதீபாவின் முன்னாலேயே விரலை வைத்துப் பார்த்தார். எழுபத்துநாலு. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"கையால எண்ணுதது பழைய முறைம்மா. ஒண்ணு ரெண்டு விட்டுப்போவும். இது கேமரா."

"நான் எண்ணுனது விட்டுப்போனா ஒண்ணு ரெண்டுதானே போவும்? முப்பத்தஞ்சா விட்டுப்போவும்?"

"சரிம்மா, பாப்போம். நீ டூட்டிக்குப் போயிட்டு வா" என்றார் ஏட்டையா, சிரித்த முகமாக. எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிய அதே சிரிப்பு. முப்பிடாதியம்மாள் நனைந்த சேலையோடு உட்கார்ந்து அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அதை வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. ஸ்டேஷனுக்குப் போனவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டையா கறிக்கடைக்குப் போய், உடம்புக்கு நல்லது என்று கால் கிலோ ஆட்டு ஈரலும் சேர்த்து வாங்கி வந்தார். முன்னறையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். ஒன்பது மணி ஆனதும் துடிப்பு பார்க்கிற ஞாபகம் வந்தது.

"நீங்க இருங்க. போன இங்கன குடுங்க, நானே பாத்துக்கிடுதேன்" என்று முப்பிடாதியம்மாள் வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

தானாகவே பார்க்கப் பழகிவிட்டாளே என்று ஏட்டையாவுக்குச் சந்தோஷம். அடுப்படியில் தட்டு நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"எழுவத்தாறு காட்டுது. எழுதிக்கிடுங்க."

"நிசமாவா?"

"வேணும்னா வந்து பாருங்க."

வந்து பார்க்கவில்லை. அதுதான் மெஷினே சொல்லிவிட்டதே. ஞாயிறு, காலை 9.10, துடிப்பு 76, நிலை நலம், கையொப்பம். மத்தியானம் ஈரலை மிளகு தூக்கலாக வறுத்து வைத்தாள். ஏட்டையா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் கதவில் சாய்ந்து நின்று, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா இருக்கா?"

"நல்ல ஈரலு."

"ஆமா. காலையில பாக்கையிலயே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள்.

திங்கட்கிழமை அருவியிலிருந்து திரும்பி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சாவி எதிர் வீட்டில் இருந்தது. அதீபா காலை டூட்டிக்குப் போகும்போது ஆட்டோவில் முப்பிடாதியம்மாளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அவள் மாமியார் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் போவதாவது! ஏட்டையாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டினார். நோட்டையும் போனையும் பையில் வைத்தார். பைக்கில் சாவியை நுழைக்க மூன்று முறை முயன்றார். அது கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அது பயம். குழாயடியில் அவள் விழுந்து கிடந்த பத்து நொடியிலிருந்தே அந்தப் பயம் அவருக்குள் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை நம்பரைப் பார்த்துப் பார்த்து அதை அமுக்கி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் முப்பிடாதியம்மாளின் நெஞ்சிலிருந்து ஒயர்கள் கிளம்பி, தலைமாட்டில் இருந்த ஒரு பெட்டிக்குப் போயின. பெட்டித் திரையில் பச்சையாக ஒரு நம்பர். முப்பத்துநாலு.

"இந்த மெஷின செக் பண்ணச் சொல்லுங்க" என்றார் ஏட்டையா, யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல்.

டாக்டர் கௌரிசங்கருக்குச் சின்ன வயசு, ஆனால் பொறுமை இருந்தது. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகவேண்டிய மின்சாரம் தடைபட்டிருக்கிறது, கீழ் அறை தன் பாட்டுக்கு மெதுவாக அடித்துக்கொண்டிருக்கிறது, பேஸ்மேக்கர் வைக்க இன்றைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அடுத்த தடவை விழும்போது எழுந்திருக்காமலே போயிருக்கலாம் என்றும் சொன்னார்.

ஏட்டையா பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

"சார், இவளோட நாப்பது நாளு ரெக்கார்டு இது. ஒரு நாளுகூட விடல. எழுபதுக்குக் கீழ ஒரு தடவகூட எறங்குனதில்ல. நீங்களே பாருங்க. அத்தனைக்கும் கையெழுத்து போட்டிருக்கேன்."

டாக்டர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கிறவங்க, வெதுவெதுன்னு காஞ்ச விரலோட அசையாம உக்காந்து பாத்தா, இந்த ஆப் சிலது ஓரளவு சரியாவே காட்டும். துடிப்பு ரொம்பக் குறைவா இருந்தா சிலது ஒண்ண ரெண்டா எண்ணிரும். முப்பத்தஞ்சு எழுபதாயிரும். சிலது ஒண்ணுமே பிடிபடலைன்னாலும், உத்தேசமா ஒரு நம்பரக் காட்டிரும்."

"அப்ப நல்லா இருக்கவனுக்குத்தான் சரியா காட்டுமா?"

"அப்படியும் சொல்லலாம்."

"அவனுக்கு அது எதுக்கு?" என்று ஏட்டையா தன்னை அறியாமல் கேட்டுவிட்டார். கேட்ட பிறகும் விட மனசில்லை. முப்பத்துநாலு வருஷப் பழக்கம், கடைசிச் சாட்சியையும் கொண்டுவந்து நிறுத்தினார். "நான் பாத்ததுதான் தப்புன்னு வையுங்க. இந்தா, முந்தாநேத்து... இல்ல, நேத்து ஞாயித்துக்கெழம. இது நான் பாக்கல. அவளே தன் கையால பாத்து, அவளே வாயால சொன்ன நம்பரு. எழுவத்தாறு. இதுக்கு என்ன சொல்லுதிய?"

டாக்டர் முப்பிடாதியம்மாளைப் பார்த்தார். ஊசி மாட்டிக்கொண்டிருந்த அதீபாவும் நிமிர்ந்தாள்.

"அது எனக்கு இல்ல" என்றாள் முப்பிடாதியம்மாள், கண்ணை மூடிக்கொண்டே. "ஈரலு."

"எது?"

"நீங்க வாங்கியாந்த ஆட்டு ஈரலு. தட்டுல அலசி வச்சிருந்தேன். அதுமேல போன வச்சுப் புடிச்சேன். ஒரு தடவ எழுவத்திமூணு காட்டுச்சு, இன்னொரு தடவ எழுவத்தாறு. ரெண்டாவது வந்ததச் சொன்னேன். நீங்க நலம்னு எழுதிக் கையெழுத்து போட்டிய."

அதீபா சட்டென்று திரும்பி, மருந்து அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டர் நோட்டை மூடி, மரியாதையாக ஏட்டையா கையிலேயே கொடுத்தார்.

"சிரிக்கத்தான் வச்சுப் பாத்தேன்" என்றாள் முப்பிடாதியம்மாள். "ஆனா அந்த நம்பரப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வரல. அறுத்துக் கெடக்க ஆட்டுக்கும் எனக்கும் ஒரே நலமா எழுதுத மனுசன்கிட்ட இருந்தா நான் செத்துருவேன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கெளம்பி வந்துட்டேன்."

ஏட்டையா நோட்டைப் பைக்குள் வைத்தார். வெட்கத்தில் காது சுட்டது. அந்த அரிஷ்டப் பெரியவர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றது ஏனோ இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

திருநெல்வேலியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். மூன்றாம் நாள் முப்பிடாதியம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, சுடச்சுட காப்பி குடித்தாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. ஏட்டையா பக்கத்து ஸ்டூலில் ஷேவ் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். போனை வெளியே எடுக்கவே இல்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டதே அவளுக்குப் புதுசு. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நோட்டு கொண்டாந்திருக்கியளா?"

"பையில கெடக்கு. தூரப் போட்டுருவோம்."

"போட வேண்டாம். எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

"என்னத்த எழுத?"

"புகாரு."

ஏட்டையா சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சரி, போயிட்டு நாளைக்கு வா என்று சொல்ல இப்போது வழியில்லை. அவள் எங்கும் போகிற நிலையில் இல்லை. பேனாவைத் திறந்தார். புதுப் பக்கத்தில் கை தன் பழக்கத்துக்கு ஓடியது. தேதி, நேரம், இடம். புகார்தாரர் முப்பிடாதியம்மாள், வயது ஐம்பத்தேழு.

"எதிரி பேரு?" என்று கேட்டது நாக்கு, பழக்க தோஷத்தில்.

அவள் அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் குனிந்து எழுதினார்.

"என்ன எழுதினிய? படிங்க."

"சங்கிலிப்பாண்டி, சிறப்பு சார்பு ஆய்வாளர், ஓய்வு."

"அத அடிங்க. ஏட்டையான்னு போடுங்க. அப்பத்தான் ஆளு யாருன்னு தெருவுக்குத் தெரியும்."

அடித்தார். போட்டார். அவள் தொடங்கினாள்.

"ஆனி மூணாந்தேதி, மாவு கரைக்கையில, கண்ண இருட்டுதுன்னு சொன்னேன். எழுதுனியளா? அன்னைக்கு நீங்க எழுவத்திரெண்டுன்னு மட்டும் எழுதுனிய. நான் சொன்னத எழுதல..."

அவள் ஒரு நாளையும் விடவில்லை. மாடிப் படி, சுவர், நெஞ்சு அடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை, தூங்கப் பயந்து உட்கார்ந்திருந்த விடியற்காலை, குழாயடி. எதற்கும் அந்த நோட்டில் கட்டம் இல்லாததால் அவர் கோடுகளைத் தாண்டி எழுதிக்கொண்டே போனார். நாலு பக்கம் வந்தது. அவர் சர்வீஸில் எழுதிய எந்தப் புகாரும் ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. படித்துக் காட்டச் சொன்னாள். குழாயடிக்கு வந்தபோது நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் படித்தார்.

"கையெழுத்து போடுங்க."

போட்டார்.

"ரசீது?"

"என்ன ரசீது?"

"புகாரு வாங்குனா ரசீது குடுக்கணும்லா? நீங்க யாருக்கும் குடுத்ததில்லன்னு எனக்குத் தெரியும். எனக்குக் குடுங்க."

ஏட்டையா நோட்டின் கடைசித் தாளைப் பார்த்துக் கிழித்தார். மனு பெற்றுக்கொள்ளப்பட்டது என்று தெளிவாக எழுதி, தேதியும் நேரமும் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். முப்பிடாதியம்மாள் அதை நிதானமாகப் படித்துப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து, தலையணைக்கு அடியில் ஈசிஜி தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.